மட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

ஒரு மனிதனின் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்துக்குக் கற்பிட்டியில் விலை ஒரு பிளேன்டீயும் மீன் அடைத்துச் சுட்ட இரண்டு பணிசும். போனால் திரும்பி வராத சாமான் அது. பதுர்தீன் அதை அந்த விலைக்குத்தான் வாங்கிவந்தான். மா விலை ஏறிய வருடம் என்பதால் பணிசு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை என்று கண்டபோது, ஆரம்பத்திலேயே கூடக் கொடுத்துவிட்டோமோ என்று கொஞ்சம் வருந்தினான். வியாபாரியின் பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும்.

வாப்பா ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகு பள்ளிவாசலோடு ஒதுங்கிவிட்டார். வலைக்கடை பதுர்தீனின் கைக்கு வந்தது. கீழே வலை, கயிறு, மிதவை, எஞ்சின் சாமான். மேல்மாடியில் வலைக்கட்டுகளும், வலை அளக்கிற நீள மேசையும். அந்த மேசையில்தான் விளையாட்டு நடந்தது. கத்தாரில் வேலை செய்த காலத்தில் அறையில் கூட இருந்த பிலிப்பைன்காரர்களிடம் கற்றது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இருந்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலிக்குமா என்று தெரியாத இடத்தில் பகடை உருளும். இருபது முகமுள்ள பகடை. கதை சொல்கிறவன் குறித்த இலக்கத்துக்குக் கூட விழுந்தால் பலித்தது, குறைய விழுந்தால் கெட்டது. வெல்கிறவனும் இல்லை, தோற்கிறவனும் இல்லை. ஆட்கள் தொடர்ந்து வரவேண்டும், அவ்வளவுதான். கஷ்டமும் அதில்தான்.

ஆட்களைப் பிடிப்பது பதுர்தீனுக்கு இலேசாக இருந்தது. முதல் நாள் சட்டம் சொல்லக் கூடாது. சட்டம் சொன்னால் பள்ளிக்கூடம், பெயர் கேட்டால் கலியாண வீடு. "ஒங்கட ஆளுக்கு என்ன பேர்?" என்று கேட்டால் போதும், எந்த முரடனும் கொஞ்சம் வெட்கப்பட்டு, பிறகு யோசித்து, பிறகு சின்ன வயதில் தனக்கு வைத்திருக்க வேண்டிய பெயரைச் சொல்வான். பிடித்ததை வைத்திருப்பதுதான் பெரும்பாடு. தொடக்கத்தில் போன் திருத்துகிற யதுர்சனும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் வந்தார்கள். இரண்டாம் ஞாயிறு யதுர்சனின் வீரனுக்குப் பகடை ஒன்றைக் காட்டியது. வீரன் கிணற்றில் விழுந்து செத்தான். யதுர்சன் சிரித்தான், தேநீரைக் குடித்து முடித்தான், ஹெல்மெட்டை எடுத்தான், "அப்ப நான் வாறன் அண்ணை" என்றான். பிறகு சந்தையில் கண்டாலும் மற்றப் பக்கம் பார்த்தான். கூட்டாளிகளும் அவனோடு போனார்கள்.

ஒரு உருட்டில் மூன்று வாடிக்கை! அதன்பிறகு சனிக்கிழமை வந்தாலே பதுர்தீனுக்கு ஒரே காட்சிதான். நாளைக்கு ஒருவரும் வராமல், பணிசுப் பையோடு தான் மட்டும் மேசைக்கு முன்னால் இருப்பதாகக் கண்ணில் தெரியும். ஆகவே எஞ்சின் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு மட்டையை வெட்டி, தனக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தினான். இனிப் பகடையை அவனே மட்டைக்குப் பின்னால் உருட்டி, விழுந்ததைச் சொல்வான். கதை சொல்கிறவர்கள் அப்படி மறைத்து உருட்டுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். மூன்று விழுந்தால் பதினாறு என்று சொல்வது மட்டும் பதுர்தீன் சேர்த்த கைவேலை. வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது வாப்பாவின் கடைப்பழக்கம்.

கதையையும் மாற்றினான். பறவை நாகமும் இரும்புச் சட்டையும் இந்தக் கரையில் விலைபோகவில்லை. கற்பிட்டித் துறையிலிருந்து ஜாவாவுக்குச் சரக்கேற்றிப் போகும் பழைய காலத்துக் கப்பல் ஒன்றைக் கிளப்பினான். அது பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் மணலில் கிடந்த காலம். கரண்டும் இல்லை, பின்னேரத்தில் செய்ய வேலையும் இல்லை. மாம்புரியிலிருந்து றொபி வந்தான். காலையில் போய்ப் பகலில் திரும்பும் கரைக்கடல்காரன். இரண்டாம் வாரம் தன் மனைவி நிலானியையும் கூட்டிவந்தான். பிறகு லவன் வந்தான். சண்டை முடிந்தபின் அத்தையோடு வன்னியிலிருந்து வந்தவன். அவன் வேலை செய்த இறால் பண்ணையை டீசல் இல்லையென்று மூடியிருந்தார்கள்.

ஆட்களைக் கட்டிவைக்கப் பதுர்தீன் ஒரு உத்தி வைத்திருந்தான். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஒருவரைக் கப்பலில் ஏற்ற வேண்டும். வேண்டியவர் கப்பலில் இருந்தால் அடுத்த ஞாயிறு எப்படி வராமல் இருப்பது? றொபி தன் செத்துப்போன நாயை ஏற்றினான். நிலானி தன் மகள் அக்னஸை, அதே பெயரில், அதே நான்கு வயதில் ஏற்றினாள். லவன் கொஞ்ச நேரம் யோசித்து, "ஏத்த ஆள் இல்லை அண்ணை" என்றான்.

"அப்ப என்னை ஏத்துங்க" என்றான் பதுர்தீன்.

"நீங்கள் பாரம் அண்ணை. கப்பல் தாழும்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மேசைதான் என்று பதுர்தீன் நினைத்தான்.

நான்கு மாதம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அதுவே அவனுக்குக் கொஞ்சம் அச்சத்தைத் தந்திருக்க வேண்டும். இந்த ஊரில் எதுவும் அப்படித் தவறாமல் நடப்பதில்லை. பாய்க்கப்பல் வேண்டாம், எஞ்சின் போடுவோம் என்றான் றொபி. வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே, பழைய காலத்துக் கப்பலுக்கு டீசல் எஞ்சின் வந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு டீசல் குடிக்கும், நேவி எங்கே நிற்கும், ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் கேட்டார்கள். பதுர்தீன் கடைக்கு வருகிற நெடுநாள் படகுக்காரர்களிடம் வாயைக் கொடுத்து விசாரித்து, எல்லாவற்றையும் அச்சொட்டாகச் சொன்னான். இப்படிக் கேள்வி கேட்கிற ஆட்கள் கிடைக்க எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் என்று அவனுக்குப் பெருமை. கப்பலில் இருந்த படிக்கல் எல்லாம் சரியான படிக்கல். தராசு மட்டும் பொய்.

அந்த நேரத்தில்தான் றொபி ஐந்தாவது ஆளைக் கூட்டிவந்தான். சிலாபத்துப் பக்கத்து வின்சன்ட். ஐம்பது வயதிருக்கும். மணிக்கட்டு வரை பூட்டிய வெள்ளைச் சேட்டு. அவருடைய மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இருந்தது. ஊரே வரிசையில் படுத்துக் கிடக்க, ஒரு மனிதன் முழு டாங்கியோடு வந்திறங்குகிறான். பதுர்தீன் அதைக் கவனித்தான். ஆனால் விளையாடுகிறவன் இன்னொருவனைக் கூட்டிவந்தால் கடை ஓடுகிறது என்று அர்த்தம். ஆகவே பெற்றோலைக் கண்டும் காணாமல் விட்டான்.

வின்சன்ட் பட்டர் கேக் கொண்டுவந்தார். எல்லோருடைய தாய்மாரின் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. பதுர்தீனைச் சிங்களத்தில் மல்லி, தம்பி, என்று கூப்பிட்டார். "நான் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறன் மல்லி. உருட்டத்தான் வேணுமா?"

"மொத நாள் வேணாம் அங்கிள்" என்றான் பதுர்தீன்.

இரண்டாம் நாளும் அவர் உருட்டவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. கப்பல் புயலில் தப்பும்போதெல்லாம் நிலானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு எல்லோரும் இறங்கிய பிறகு படிக்கட்டில் நின்றார்.

"மல்லி, ஒங்கட கப்பல் ஏன் ஒருநாளும் தாழுறதில்ல?"

பதுர்தீன் பல்லைக் காட்டினான். "தாழ்ந்தா ஆளுக வருவாங்களா அங்கிள்?"

"அதுதான்" என்று வின்சன்ட் அவன் தோளில் தட்டினார். "அதுதான் வியாபாரம்."

அவர் மட்டையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பதுர்தீனுக்கு விளங்கியது. கண்டும் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பது விளங்கவில்லை. தராசில் பிழை கண்ட வாடிக்கையாளன் சத்தம் போடுவான். சத்தம் போடாமல் சிரிக்கிறவன் வாடிக்கையாளன் இல்லை, இன்னொரு வியாபாரி. அன்றிரவு பணிசுக் காசு எழுத மறந்து படுத்தான்.

புதன்கிழமை காலை றொபி கடைக்கு வந்தான். பதுர்தீன் லவனுக்கு அண்ணை, றொபிக்கு நானா.

"நானா, புதுத் தறப்பாள் ஒண்டு வேணும். பெருசு. மணம் இல்லாதது."

"கூரையில விரிக்கவாடா?"

"ஓம், கூரைக்குத்தான்."

"கூரைக்கு மணம் என்னத்துக்கு? மோட்டு ஓடு மூக்கால இழுக்குமா?"

றொபி சிரிக்கவில்லை. "நாலு மூலைக்கும் ரிங் அடிச்சது வேணும். நடுவால ஓட்டை போட்டு ஒரு குழாய் வைக்க ஏலுமா?"

பதுர்தீனின் கை தராசுத் தட்டில் இருந்தபடியே நின்றது. மழைத் தண்ணீரைத் தறப்பாளில் பிடித்து, நடுவில் குழாய் வைத்துப் பிளாஸ்டிக் கானுக்குள் இறக்குகிற அந்த வித்தையை இந்தக் கரையில் ஒருவரும் செய்து அவன் கண்டதில்லை. கப்பலில் தண்ணீர் முடிந்த ஒரு ஞாயிறு, ஆட்கள் முகம் வாடியதைக் கண்டு, வாய் நிறையப் பணிசை வைத்துக்கொண்டு அவனே உண்டாக்கியது அது. பதினைந்துக்கு மேல் விழுந்தால் மழை என்றான். விழுந்தது இரண்டு. பதினெட்டு என்று சொன்னான். கைதட்டினார்கள்.

"எங்க போறீங்க?" என்று கேட்டான். குரல் தெருவரை கேட்டது.

றொபி வாசலைத் திரும்பிப் பார்த்தான். "கத்தாதீங்க நானா. பெரிய ஆழ்கடல் றோலர் ஒண்டு. அவுஸ்திரேலியா. வின்சன்ட் அங்கிள் எல்லாம் பாத்திட்டார். அடுத்த கிழமை."

"நிலானி?"

"நிலானியும்தான். பிள்ளையும்தான். அவளை நான் என்னத்துக்கு ஒங்கட மேசைக்குக் கூட்டிவந்தன் எண்டு நினைச்சீங்க? அவட அப்பா கடலிலதான் போனவர். அலைச்சத்தம் கேட்டாலே சன்னலைச் சாத்துறவள். இப்ப அவளே கேக்கிறா, எப்ப போறம் எண்டு. பழகிட்டாள். எத்தினை தரம் போய்வந்திட்டம்! ஒருக்காவும் தாழல்லயே."

"தாழல்ல எண்டா நான் தாழ விடல்லடா! மட்டைக்குப் பின்னால நான் பொய் சொன்னன். ஒண்டு விழுந்தா பதினெட்டு எண்டன். நீ கரைக்கடல்ல ஓடுறவன், ஒனக்கு அந்தக் கடலைத் தெரியுமா? காத்துக் காலம் இது!"

 றொபி அன்போடுதான் சிரித்தான், அதுதான் தாங்க முடியவில்லை. "வெளங்குது நானா. நாங்க போனா மேசை காலி. ஒங்கட கவலை எனக்குத் தெரியாதா? அங்க போய்ச் சேர்ந்து வீடியோ கோல்ல விளையாடுவம்."

தராசு பொய் என்று கடைக்காரன் எப்போது சொல்கிறான்? வாடிக்கையாளன் வேறு கடைக்குப் போகப் புறப்படும்போது. அதை யார் நம்புவார்கள்? பதுர்தீன் தானே நம்பியிருக்க மாட்டான். தறப்பாள் ஸ்டொக் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதிரையில் இருந்தான். 

நிலானியிடம் நேரே சொல்லலாம். ஆனால் புருஷன் இல்லாத நேரத்தில் அந்த வீட்டுப் படலையில் அவன் போய் நின்றால் மாம்புரி முழுக்க அன்றைக்கே கதை வரும், சொன்ன விஷயம் அந்தக் கதைக்குள் மறைந்துவிடும். பொலிசுக்குச் சொல்லலாம். றொபியையும்தான் கொண்டுபோவார்கள், பிள்ளையின் தாயையும் கூட. தவிர, யார் சொன்னது என்று வின்சன்டுக்குத் தெரியவர எவ்வளவு நேரமாகும்?

அதற்கு அவன் காத்திருக்கவே தேவையிருக்கவில்லை. வியாழக்கிழமை, வெயில் கொதிக்கிற நேரம், அந்த மோட்டார் சைக்கிள் கடை வாசலில் நின்றது.

"றொபி கவலைப்படுறான் மல்லி, ஒங்களுக்கு என்னமோ சுகமில்லையாம் எண்டு." வின்சன்ட் தொங்கிய வலையொன்றைக் கையில் எடுத்து, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். "நல்ல நைலோன். இது நெருப்பில எரியுறதில்ல தெரியுமா? உருகி ஒழுகும். நீர்கொழும்பில ஒரு கடை அப்படிப் போனது. மேல்மாடியில ஆள் இருந்திருக்கு. பாவம்."

பதுர்தீன் அந்த வலையை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினான். 

"நீங்களும் நானும் ஒரே வேலைதானே செய்யிறம்" என்றார் வின்சன்ட். "ஆக்களைச் சேக்கிறம். பயத்தை எடுக்கிறம். ஒங்களை நான் குறை சொல்லல்ல. உண்மையா, எனக்கு அரைவாசி வேலையை நீங்கதான் செஞ்சீங்க. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். நல்லா, சந்தோசமாக் கரை சேர்த்து விடுங்க. ஹரித, சரிதானே?"

அவர் போன பிறகும் வெகுநேரம் கடையில் பெற்றோல் மணத்தது.

ஞாயிறு வந்தது. மேல்மாடியைப் பூட்டிவிடலாம் என்று திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு தரம் படியேறினான். இவன் கடையைப் பூட்டினால் வின்சன்ட்டின் கடை மட்டுமே திறந்திருக்கும். திறந்துவிட்டான்.

நால்வரும் வந்தார்கள். நிலானி அன்று புதுச் சட்டை போட்டிருந்தாள், பயணம் சொல்ல வந்தவள் மாதிரி. வின்சன்ட் வழக்கமான கதிரையில் இருந்து கேக்கை வெட்டினார். பதுர்தீன் எஞ்சின் பெட்டி மட்டையை எடுத்து, எல்லோரும் பார்க்க இரண்டாகக் கிழித்து, மேசைக்குக் கீழே போட்டான்.

"இண்டைக்கு மறைப்பு இல்ல. கப்பல் துறையிலிருந்து திரும்பப் புறப்படுது. எல்லாத்தையும் நீங்களே உருட்டுங்க."

"ஏன் அண்ணை?" என்றான் லவன்.

"எனக்குக் கை நோகுது."

வின்சன்ட் கத்தியைத் துடைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இலக்கம் எதையும் பதுர்தீன் மாற்றவில்லை. நேவியைத் தாண்டப் பத்து. லவன் உருட்டினான்: பத்தொன்பது. மேசை ஆரவாரித்தது. முதல் புயலுக்குப் பன்னிரண்டு. றொபி உருட்டினான்: பதினேழு.  நேர்மையான பகடையில் உள்ள குறை, அது ஒருவருக்கும் சொந்தக்காரன் இல்லை. இன்றைக்கென்று அது நல்லதாகவே விழுந்தால்? இந்தக் கைகளாலேயே அவர்களைத் தள்ளிவிட்டதாகிவிடுமே. பதினேழை ஏழு என்று சொல்லப் பதுர்தீனின் வாய் உன்னியது. மட்டை கிழிந்து காலடியில் கிடந்தது.

"பாத்தீங்களா நானா?" என்றான் றொபி. "நீங்க இல்லாமலே ஓடுது."

எஞ்சினுக்கு எட்டு. றொபி உருட்டினான். ஐந்து. எஞ்சின் நின்றது. திருத்த இன்னொரு தரம் உருட்டலாம். இரண்டு. கப்பல் அலையில் குறுக்கே கிடந்து ஆடியது. பதுர்தீன் கதையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. விலைப்பட்டியல் வாசிக்கிறவன் மாதிரிச் சொன்னான். தண்ணீர் முடிந்தது. தறப்பாளை விரித்தார்கள். மழைக்குப் பதினைந்து. லவன் உருட்டினான், ஆறு. றொபி உருட்டினான், நான்கு. வெளியே கடல் காற்று தகரத்தைப் படபடவென்று அடித்தது. யாரும் கேக்கைத் தொடவில்லை.

"தண்ணி இல்லாட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு உருட்டு" என்றான் பதுர்தீன். "இளையவங்க முதல். அதுதான் சட்டம்."

நிலானி பகடையைக் கையில் எடுத்தாள். "அக்னஸுக்கா?"

"ஓம் தங்கச்சி."

"எத்தினை விழவேணும்?"

"பத்துக்கு மேல."

"பாதிக்குப் பாதி" என்றாள். உருட்டவில்லை. "போன மாசமும் தண்ணி முடிஞ்சது. அப்பவும் பத்துத்தானா?"

"ஓம்."

"மழை வந்த தரத்தை விட்டா ரெண்டு தரம் முடிஞ்சது. ரெண்டு தரமும் நீங்கதான் உருட்டினீங்க. பதினாறு எண்டீங்க. அடுத்த தரம் பதிமூண்டு எண்டீங்க. உண்மையா எத்தினை விழுந்தது?"

பதுர்தீன் வின்சன்டைப் பார்த்தான். வின்சன்ட் மெதுவாக, ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல, தலையை இடமும் வலமும் ஆட்டினார். நைலோன் உருகி ஒழுகுவது பதுர்தீனின் கண்ணுக்குத் தெரிந்தது.

"நானா, எத்தினை விழுந்தது?"

"மொத தரம் ஏழு" என்றான். "அடுத்த தரம் மூணு."



"அப்ப என்ட பிள்ளை ரெண்டு தரம் செத்திட்டா" என்றாள் நிலானி. "நான் இந்தக் கதிரையில இருந்து பணிஸ் திண்டுகொண்டு இருந்திருக்கன்."

"மகள், மகள்" என்றார் வின்சன்ட். "இது விளையாட்டு. சும்மா ஒரு கட்டை. அதுக்குக் கடலைத் தெரியுமா? போட்டுவிடுங்க, முடியட்டும்."

நிலானி எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து, பகடையை அவருடைய கேக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"விளையாட்டுத்தானே அங்கிள். நீங்க போடுங்க. அக்னஸுக்கு."

வின்சன்ட் சிரித்தார். கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல மகள். சூது மாதிரி. என்ட கைக்கு ராசியும் இல்ல."

"சும்மா ஒரு கட்டைதானே" என்றாள்.

"போடுங்க அங்கிள்" என்றான் றொபி. முதலில் விளையாட்டாகத்தான் சொன்னான். அவர் அசையாததைக் கண்டு அவனுடைய முகம் மாறியது. "போடுங்களன். ஒருக்காத்தானே."

வின்சன்ட் பகடையைப் பார்த்தார். அதில் கை வைத்தால் என்ன விழும் என்பதைக் காட்டிலும், விழுந்ததை எல்லோரும் பார்ப்பார்கள் என்பதுதான் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாச்சு என்றார். எழுந்து, மிஞ்சிய கேக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடி எடுத்துக்கொண்டார். படிக்கட்டு வாசலில் அடுக்கியிருந்த வலைக்கட்டை உள்ளங்கையால் ஒரு தரம் தடவிவிட்டு இறங்கினார். மோட்டார் சைக்கிள் முதல் உதையிலேயே கிளம்பியது.

றொபியின் கோபம் வின்சன்டிடம் போகவில்லை, பதுர்தீனிடம்தான் வந்தது. "குடுத்த முற்பணம் போச்சு. இனி எங்க போய் நிக்கிற? கெடுத்திட்டீங்க நானா, நல்லா இருந்ததைக் கெடுத்திட்டீங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். நிலானி வாசலில் நின்றாள். நன்றி சொல்வாள் என்று பதுர்தீன் எதிர்பார்த்ததும் உண்மைதான்.

"நான் போகமாட்டன். பிள்ளையையும் விடமாட்டன்" என்றாள். "ஆனா இங்கயும் இனி வரமாட்டன். ஒங்கட முகத்தைக் கண்டா அந்த ரெண்டு தரமும் ஞாபகம் வரும்."

லவன் மட்டும் மிஞ்சினான். தேநீர்க் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினான்.

"அண்ணை, நான் போறன்."

"நாளைக்கு வா, கதைப்பம்."

"இல்லை அண்ணை. றோலரில போறன்."

"ஒனக்குக் காது கேக்கல்லயா? நீயே உருட்டினியே, ஆறு விழுந்ததே! பாதிக்குப் பாதிடா, அதுகூட நான் குடுத்த இலக்கம், கடல் அவ்வளவும் குடுக்காது!"

"வன்னியில நாங்கள் ஓடேக்க பாதிக்குப் பாதி எண்டு ஒருத்தரும் தரேல்லை அண்ணை" என்றான் லவன். கோபமில்லை, கேலியுமில்லை, சந்தையில் மீன் விலை சொல்கிற குரல். "எனக்கு இது நல்ல விலை."

 பதுர்தீன் கீழே இறங்கி, கடையிலிருந்த மிதவை அங்கிகளில் மூன்றை எடுத்து அவன் கையில் திணித்தான். காசு கேட்கவில்லை. விலை சொல்லாமல் அந்தக் கடையிலிருந்து சாமான் போனது அதுதான் முதல் தரம்.

"மூண்டையும் ஒருத்தன் போட ஏலாது அண்ணை."

"பக்கத்தில இருக்கிறவங்களுக்குக் குடு."

அந்தக் கிழமைக்குள் றோலர் போய்விட்டது என்று ஊரில் கதை வந்தது. திருப்பி அனுப்பினார்கள் என்றும் ஒரு கதை வந்தது, அது வேறு றோலர். பதுர்தீன் இப்போது இரவில் கடையைப் பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்க்கிறான், வீட்டுக்கு அரைவாசி வழி போய்த் திரும்பி வந்தும் இழுத்துப் பார்க்கிறான். மேல்மாடியில் இரண்டு தண்ணீர் வாளி வைத்திருக்கிறான். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும் வசனம் நடுவில் நிற்கும். சத்தம் தாண்டிப் போனபிறகு என்ன விலை சொன்னோம் என்பது மறந்திருக்கும். ஒருநாள் மாம்புரிச் சந்தியில் நிலானியைக் கண்டான், பிள்ளையின் கையைப் பிடித்தபடி. அவள் மற்றப் பக்கம் பார்த்தாள். பிள்ளை அவனைப் பார்த்தது.

மேசையின் கணக்கை இப்படி முடித்து வைத்திருக்கிறான். வந்தவர்கள், யதுர்சன் கூட்டத்தையும் வின்சன்டையும் சேர்த்து, ஏழு பேர். மேசையில் இருப்பு, ஒருவரும் இல்லை. கரையில் இருப்பு, றொபி வீட்டு மூன்று உயிர், அதில் ஒன்றுக்கு நான்கு வயது. லவன் பேரில் வரவேண்டியது, ஒரு போன் கோல். இன்னும் வரவில்லை.